துவைத்த கோட்டு

எனக்கு மாமியார் கிடையாது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாடா என்று இருந்தேன். ஆனால் என் வீட்டுக்காரரிடம் ஒரு பெண்புலி இருந்தது. நான் எவ்வளவு நல்ல இறைச்சியைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கூண்டுப் பக்கம் போனால் என்னை மேலும் கீழும் பார்க்கும். அவர் வந்தால் மட்டும் கன்னத்தைக் கம்பியில் தேய்த்துக்கொண்டு குழையும். இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள். நான்தான் மாமியார் என்று வைத்தேன். கொஞ்ச நாளில் சர்க்கஸ் முழுக்க அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் ரிங் மாஸ்டர். எல்லாருக்கும் மாஸ்டர். நான் அதே சர்க்கஸில் துணிக்காரி. ஊஞ்சல் ஆடுகிற பெண்களின் ஜிகினா உடுப்பு, கோமாளியின் தொளதொளக் கால்சட்டை, குதிரை மேல் போர்த்தும் விரிப்பு என்று எல்லாவற்றையும் தைப்பதும் ஒட்டுப்போடுவதும் துவைப்பதும் நான்தான். அந்தக் கூடாரத்தில் நான் துவைக்கவே கூடாத துணி ஒன்றே ஒன்று இருந்தது. அது அவருடைய கூண்டுக் கோட்டு.

அவருக்கு இரண்டு கோட்டு. ஒரே சிவப்புத் துணி, ஒரே கயிற்றுப் பொத்தான், இரண்டும் நான் தைத்தவை. ஆட்டம் தொடங்கும்போது ஜனங்களுக்குப் பக்கத்தில் ஒரு சுற்று வருவார். அதற்கு ஊர்வலக் கோட்டு. அது பாச்சை உருண்டை போட்ட பெட்டியில் மடித்தபடி இருக்கும். புலியிடம் போவதற்குக் கூண்டுக் கோட்டு. அது பதினோரு வருஷமாகத் தண்ணீரைப் பார்த்ததில்லை. தினம் சாயங்காலம் அதைக் கூண்டுக் கம்பியில் தொங்கவிடுவார். மாமியார் வந்து கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையை அதில் ஏற்றிவிடுவாள். அந்த வாசனையோடு உள்ளே வருகிறவன் அவளுக்குச் சொந்தம், மற்றவனெல்லாம் எவனோ. அந்த நாற்றத்தை நாங்கள் குடியிருந்த வண்டிக்குள் நான் விட்டதே இல்லை. வெளியே ஓர் ஆணியில்தான் தொங்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் பத்தடி தள்ளி நின்று எது எந்தக் கோட்டு என்று சொல்லிவிடலாம்.

இரண்டு வருஷமாக மாமியாரின் கண்களில் வெண்படலம் விழுந்திருந்தது. வருகிறவர் யார் என்று அவளுக்குப் பார்த்துத் தெரியாது. இந்த விஷயம் நான்கே பேருக்குத்தான் தெரியும். அவர், நான், என் கொழுந்தன், முதலாளி. போன மழைக்காலத்தில் ஒருநாள் கோட்டுக்கு மேல் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டார். "நான்தான்டி" என்று குரல் கொடுத்துக்கொண்டேதான் உள்ளே போனார். குரல் அவருடையது, வாசனை ரப்பருடையது. அவள் மூக்கைத்தான் நம்பினாள். ஒரே வீச்சு. இடது முழங்கைக்குக் கீழே பதினாறு தையல். கோட்டின் இடது கைமடிப்பும் கிழிந்தது. சிவப்பு நூல் தீர்ந்துபோய், உள்பக்கமாகக் கறுப்பு நூலில் நான் அதைத் தைத்தேன்.

அன்றிலிருந்து அவருடைய ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் திரைக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் உள்ளே இருக்கிற ஒன்பது நிமிஷமும் அப்படித்தான். ஆனால் வாயைத் திறந்து சொல்ல முடியாது. எங்கள் கூடாரத்தில் பயம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக்கூடாது. சொன்னால் உயரத்தில் ஆடுகிறவர்களுக்குக் கை வழுக்கும் என்று ஒரு நம்பிக்கை. யாராவது வாய்தவறிச் சொன்னால் முகம் கழுவிக்கொண்டு அன்று முழுக்க வெளியே உட்கார வேண்டும். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வழக்கு வந்தது. சர்க்கஸில் காட்டு விலங்குகளை வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். எங்கள் முதலாளி கோர்ட்டுக்குப் போனார். "எங்கள் மிருகங்கள் எங்கள் குடும்பம்" என்று மனு. விலங்குகளுக்காகப் பேசுகிற ஒரு சங்கம் எதிர்மனு போட்டது. இரண்டு பக்கமும் காகிதத்தை மலையாகக் குவித்ததில் நீதிபதிக்கே அலுத்துவிட்டதோ என்னவோ, நேரில் பார்த்து அறிக்கை கொடுங்கள் என்று ஒரு பெண் வக்கீலைக் கமிஷனராகப் போட்டார். கூட ஒரு மிருக டாக்டர்.

அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வக்கீல் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசினார்.

"எதிர்மனுவில 'நாற்றம்', 'அழுக்கு'ன்னு பன்னிரண்டு இடத்துல எழுதியிருக்காங்க. அந்த அம்மா வரும்போது இங்க ஒரு சின்ன வாடைகூட இருக்கக்கூடாது. எல்லாத்தையும் கழுவுங்க. அப்புறம் மாஸ்டர், நீங்க வெறுங்கையோட கூண்டுக்குள்ள போய்ப் புலி பக்கத்துல உட்காரணும். அதைப் பார்த்துட்டா எந்தக் கோர்ட்டும் தடை போடாது."

"கம்புகூட இல்லாமயா?" என்றேன்.

"கம்பு இருந்தா சித்திரவதைன்னு எழுதுவாங்கம்மா."

"அடியம்மா! உள்ள போறது நீங்களா, அவரா?" என்று கேட்டுவிட்டேன். முதலாளி என்னை ஒரு முறை முறைத்தார். என் வீட்டுக்காரர் எப்போதும்போலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு நாளும் பினாயில் ஆறாக ஓடியது. கூண்டு, தரை, வண்டி, பெஞ்சு ஒன்றையும் விடவில்லை. கூண்டுக் கம்பிகளுக்குப் புதுச் சாயம் வேறு அடித்தார்கள். சாயம் காயாததால் அந்த இரண்டு சாயங்காலமும் கோட்டைத் தொங்கவிட முடியவில்லை. வண்டியின் வெளிச்சுவரைக் கழுவ வந்தவர்கள் ஆணியில் இருந்த கோட்டை எடுத்து என் மேசை மேல் போட்டுவிட்டார்கள். துவைப்பதற்காகப் பெட்டியிலிருந்து நான் எடுத்துவைத்த ஊர்வலக் கோட்டும், தூசும் வேர்வையும் படிந்து அதே அழுக்கு நிறத்தில், அங்கேதான் கிடந்தது. எனக்கா, பினாயிலில் மூக்கு செத்தே போயிருந்தது. எது எது என்று மூக்குச் சொல்லவில்லை. மடிப்பைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். நாற்பது உருப்படி துவைக்கக் கிடக்கும்போது யார் திருப்பிப் பார்ப்பது? மேலே கிடந்த ஒன்றை எடுத்துச் சோடா போட்ட வெந்நீரில் முக்கினேன், அடித்துத் துவைத்தேன், காயவைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். மற்றதை ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கமிஷனர் அம்மா வந்தார். ஒல்லியான உருவம், கையில் பென்சில், அட்டையில் செருகிய காகிதம். எதைப் பார்த்தாலும் உடனே எழுதினார். அதற்குக் கொஞ்சம் முன்புதான் என் வீட்டுக்காரர் ஆணியில் இருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அஞ்சு நிமிஷத்தில் திரும்பி வந்து மறுபடியும் கேட்டார்.

"அங்கதானே இருக்கு, எடுத்துக் குடிங்களேன். ரெண்டு கையை வச்சுக்கிட்டு நான் எத்தனை வேலையைப் பார்க்கிறது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் குடித்துவிட்டுப் போனார்.

முதலாளி ஆள் அனுப்பினார். கமிஷனர் அம்மா உட்காரும் நாற்காலிக்கு ஒரு வெள்ளைத் துணி வேண்டுமாம். பெட்டியைத் திறந்தேன். மேலே நான் துவைத்த கோட்டு. அதை நகர்த்தும்போது இடது கைமடிப்பு விரிந்தது. உள்ளே கறுப்பு நூல்.

நான் துவைத்தது கூண்டுக் கோட்டை. அவர் போட்டுக்கொண்டு போனது ஊர்வலக் கோட்டை. அதில் பாச்சை உருண்டை வாசனை தவிர வேறு ஒன்றும் கிடையாது. இதையாவது தூக்கிக்கொண்டு ஓடி மாற்றிவிடலாம் என்றால், இதிலும் சோப்பு வாசனைதான். உலகத்தில் மாமியாருக்குத் தெரிந்த அந்த ஒரு வாசனையை நானே என் கையால் அடித்துத் துவைத்து வடித்துவிட்டிருந்தேன்.

ஓடினேன். கூடாரத்துக்குள் மாமியாரை ஏற்கெனவே ஆட்டம் நடக்கிற வளையக் கூண்டுக்குள் விட்டிருந்தார்கள். அவள் முக்காலியில் ஏறவில்லை. தரையை மோந்து மோந்து தும்மினாள். முன் பெஞ்சில் முதலாளி, வக்கீல், கமிஷனர் அம்மா, டாக்டர். கூண்டுக் கதவருகில் என் வீட்டுக்காரர். நாலடி தள்ளி என் கொழுந்தன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றான். விபரீதம் நடந்தால் தண்ணீரை அடிப்பது அவன் வேலை. நான் அவன் காதருகே போய் நடந்ததைச் சொன்னேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, இப்ப போய்ச் சொல்றீங்களே!"

"இப்பத்தான்டா தெரிஞ்சுது. உங்க அண்ணனைக் கூப்பிடு."

"இந்த அம்மா முன்னாடியா? கேஸ் போயிடும் அண்ணி. நான் குழாயைத் தயாரா வச்சிருக்கேன். நீங்க சும்மா இருங்க."

போன மழைக்காலத்திலும் அவன் குழாயைத் தயாராகத்தான் வைத்திருந்தான். தண்ணீர் வருவதற்குள் பதினாறு தையலுக்கான வேலை முடிந்துவிட்டது. நான் முதலாளியிடம் போய்க் குனிந்தேன். அவர் சிரித்த முகத்தை மாற்றாமலே பல்லுக்குள் பேசினார்.

"மாஸ்டருக்குத் தெரியாததா? பேசாம போய் நில்லும்மா. குடியைக் கெடுத்துடாதே."

நானும் நின்றேன். சத்தியமாக நின்றேன். இது எங்கள் சோறு. அறுபது குடும்பம் இதை நம்பி இருக்கிறது. கத்தினால் எல்லாம் போச்சு. கத்தாவிட்டால் அவர் போவார். அவர் கதவின் கொண்டியை எடுக்கப் போனார். எடுத்தார், வழுக்கியது, மறுபடி எடுத்தார். தினம் கண் பார்க்காமல் திறக்கிற கொண்டி அது. உள்ளே மாமியார் தும்முவதை நிறுத்தினாள். தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் காற்றை இழுத்தாள். காதுகள் பின்னால் மடங்கின. வயிறு தரையில் படுகிற மாதிரித் தாழ்ந்துகொண்டு ஓரடி, இன்னோரடி. வால் நுனி மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது. மழைச்சட்டை போட்டுப் போன அன்றும் அந்த வால் அப்படித்தான் ஆடியது.

கொண்டி கழன்றது.

"போகாதீங்க!" என்று கத்தினேன். கூடாரமே அதிர்ந்தது. "கோட்டைத் துவைச்சுட்டேங்க! நீங்க போட்டிருக்கிறது அது இல்ல! மாமியாருக்குக் கண்ணு தெரியாது, உங்களைக் கிழிச்சுப் போட்டுடுவா! எனக்குப் பயமா இருக்கு, பயமா இருக்குங்க!"

சொல்லக்கூடாத சொல்லை இரண்டு தடவை சொல்லிவிட்டேன். கொண்டி மறுபடி விழுந்த சத்தம் கேட்டது. அவர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

"யாரோட மாமியாருக்குக் கண்ணு தெரியல?" என்று கமிஷனர் அம்மா கேட்டார்.

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். கூண்டைக் காட்டினேன். அவர் பென்சிலை எடுத்தார். "மெதுவா, முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். கோட்டைச் சொன்னேன், வெண்படலத்தைச் சொன்னேன், பதினாறு தையலைச் சொன்னேன். வக்கீல் குறுக்கே வந்து, "பதற்றத்துல உளறுறாங்க" என்றார். டாக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கம்பியருகே போனார். மாமியார் அந்த வெளிச்சத்துக்கு இமைக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு நாற்பது நாள் நான் பட்ட பாடு நாய்கூடப் பட்டிருக்காது. குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். "மாமியார் அவரை ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டா. இவதான் கூத்தடிச்சு எல்லார் சோத்துலயும் மண்ணைப் போட்டுட்டா" என்று என் காதுபடவே பேசினார்கள். அவள் என்ன செய்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாதுதான். ஒருவேளை ஒன்றும் செய்திருக்க மாட்டாளோ என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வராது. கொழுந்தன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் உப்பு, தண்ணீர் என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.

அதையும் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு ஒன்று. வழக்கு முடியும்வரை யாரும் கூண்டுக்குள் போகக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. ஆனால் இவர் நான் துவைத்த அந்தக் கூண்டுக் கோட்டை எடுத்துத் தினம் சாயங்காலம் மறுபடி கம்பியில் தொங்கவிட ஆரம்பித்தார். மாமியார் முதல் ஒரு வாரம் அதன் பக்கமே போகவில்லை. பிறகு மோந்தாள். பிறகு கன்னத்தைத் தேய்த்தாள். இவர் முக்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேயிருப்பார். மறுபடி உள்ளே போகத்தான் தயார் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னது பொய் என்று ஊருக்குக் காட்டுவதற்காக ஒருநாள் போகப் போகிறார். அவர் கூண்டுப் பக்கம் போனால் நான் ஏதாவது துணியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போய் நிற்பேன். கேட்கவும் வாய் வரவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் வக்கீல் ஒரு காகிதத்தோடு வந்தார். பதற்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், புலிக்குக் கண் நன்றாகத் தெரியும், அது யாரையும் தாக்கியதில்லை என்று அதில் எழுதியிருந்தது. என் கையெழுத்து வேண்டுமாம்.

"அவர் கையில இருக்கிற தழும்பு என்ன, பூரான் கடிச்சதா?" என்றேன். "போட மாட்டேன்."

"சரி. அப்ப மாஸ்டரையே கோர்ட்டுல சாட்சி சொல்ல வைப்பேன். பொண்டாட்டி சொன்னது பொய்யின்னு அவர் வாயாலயே வரும்" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். தலையை ஆட்டினார். அதே தலையாட்டல்.

கோர்ட் அறையில் மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டி இரண்டு ஆள் இடம் விட்டுத்தான் எங்கள் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அவரைக் கூப்பிட்டார்கள். சாட்சி நிற்கிற இடத்துக்கும் ஒரு சின்னக் கதவு, ஒரு கொண்டி. அதைப் போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அது அவர் விரலிலிருந்து வழுக்குவதை அந்தத் தூரத்திலிருந்தே பார்த்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த விரல்கள் தடுமாறி நான் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை, அன்று கூண்டுக் கதவில்.

எங்கள் வக்கீல் எழுந்தார். "அன்னிக்கு உங்க மனைவி பதற்றப்பட்டுக் கத்தினாங்க. நீங்க சாதாரணமாத்தான் உள்ள போக இருந்தீங்க. கோட்டு மாறினதோ, ஆபத்தோ ஒண்ணும் இல்ல. சரிதானே மாஸ்டர்?"

அவர் முதலாளியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கோட்டு மாறிடுச்சுங்க" என்றார். "காலையில போட்டவுடனே பாச்சை உருண்டை வாசனை அடிச்சுது. மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். தையல் இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

வக்கீல் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"தெரிஞ்சுமா உள்ள போக இருந்தீங்க?"

"எல்லாரும் வந்து உட்கார்ந்துட்டாங்களே, ஐயா. எப்படி மாட்டேன்னு சொல்றது? ரெண்டு தடவை போய் வீட்டுல தண்ணி கேட்டேன். சொல்லிடலாம்னுதான் போனேன். வாய் வரல. கொண்டியை எவ்வளவு நேரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்தேன். யாராவது கத்த மாட்டாங்களா, யாராவது கத்த மாட்டாங்களான்னு..." நிறுத்தினார். பிறகு எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கேட்கும்படி அந்தச் சொல்லைச் சொன்னார். "பயமா இருந்துச்சுங்க."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். இரண்டு தடவை தண்ணீர் கேட்டார். எடுத்துக் குடியுங்கள் என்றேனே, பாவி.

அன்றைக்கு விசாரணை முடிந்து வெளியே வந்தோம். முதலாளி எங்களைப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கோர்ட் வாசல் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பையிலிருந்து தண்ணீரை எடுத்து, மூடியையும் திறந்து, கையில் கொடுத்தேன்.

"அப்ப அந்தக் கோட்டைத் தினம் எதுக்குத் தொங்கவிட்டீங்க? நான் செத்துச் செத்துப் பொழைச்சேன், தெரியுமா?"

"டாக்டர் பார்த்துட்டார், இனி கேஸ் எப்படிப் போனாலும் அவளை மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோயிடுவாங்க. புது இடம். கண்ணும் தெரியாது. தெரிஞ்ச வாசனை ஒண்ணாவது கூடப் போகட்டும்னுதான். கோட்டையும் அவகூட ஏத்திவிடச் சொல்லணும்."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எத்தனை நாளா இந்தப் பயம்?"

"முதல் நாள்லேர்ந்தே" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "உன்னைக் கட்டினப்புறம் ஜாஸ்தியாயிடுச்சு."

பதினோரு வருஷம்! பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அதே நெருப்பை வயிற்றில் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று திட்ட ஆரம்பித்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். நான் திட்டிக்கொண்டே அழுதேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.